புது ஸ்கேட்ஸ் காலைக் கடிக்காமல் இருக்க 50 குறிப்புகள்

கோடை லீவு வந்ததும் பிள்ளைகள் ஸ்கேட்டிங் கிளாஸ் கேட்கிறார்கள். கொஞ்ச நாள் வட்டமடித்துப் பழகியதும் கையில் ஒரு மட்டையையும் கேட்கிறார்கள். அதுதான் ரோலர் ஹாக்கி. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கின ஸ்கேட்ஸை, "கால் வலிக்குதும்மா" என்று பிள்ளை கழற்றிப் போட்டுவிட்டால் அது நேராகப் பரணுக்குத்தான் போகும். அதிக விலை கொடுத்தால் பொருத்தம் தானாக வந்துவிடாது. குதிகால் அசையக் கூடாது, விரல் மடங்கக் கூடாது, கணுக்கால் சாயக் கூடாது, இவ்வளவுதான் விஷயம். கடலூர் பக்கம் குடிகாட்டில் இருந்தாலும் சிதம்பரத்தில் இருந்தாலும், வீட்டில் கிடக்கிற சாமானை வைத்தே இதையெல்லாம் சரிபார்த்துவிடலாம். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வீட்டில் அளவெடுக்கும்போது

1. கால் அளவைச் சாயங்காலம் எடுங்கள். நாள் முழுக்க நின்று நடந்த பாதம் காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் உப்பியிருக்கும். காலை அளவுக்கு வாங்கினால் சாயங்கால கிளாஸில் இறுக்கும்.

2. சுவரை ஒட்டித் தரையில் ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு, குதிகால் சுவரில் படும்படி பிள்ளையை நிற்க வையுங்கள். உட்கார்ந்தபடி எடுத்தால் அளவு குறையும், உடம்பு பாரம் இறங்கினால்தான் பாதம் முழுசாக விரியும். விரல் நுனியில் பென்சிலைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்துக் கோடு போடுங்கள்.

3. கட்டைவிரல்தான் நீளம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிலருக்கு இரண்டாவது விரல் நீண்டிருக்கும். எந்த விரல் முந்தி நிற்கிறதோ அதுவரைக்கும்தான் அளவு.

4. இரண்டு காலையும் அளந்து பாருங்கள், பலருக்கு ஒரு கால் கொஞ்சம் பெரிசாகவே இருக்கும். ஸ்கேட்ஸைப் பெரிய காலுக்கு வாங்குங்கள். சின்னக் காலுக்கு உள்ளே மெல்லிசாக ஒரு இன்சோல் சேர்த்தால் சரியாகிவிடும்.

5. நீளத்தோடு பாதத்தின் அகலமான இடத்தையும் அளந்து குறியுங்கள். அகலப் பாதத்துக்கு நீளத்தில் ஒரு நம்பர் ஏற்றி வாங்கினால் முன்பக்கம் வசதியாகும், குதிகால் லூசாகிவிடும். "இதே நீளத்தில் அகலமான மாடல் இருக்கா?" என்று கேளுங்கள்.

6. அளவை மில்லிமீட்டரில் எழுதி எடுத்துப் போங்கள். நம் ஊர் ஷூ நம்பரில் ஒரு படி ஏறினால் சுமார் 8.5 மி.மீ. கூடும், ஐரோப்பிய நம்பரில் ஒரு படிக்குச் சுமார் 6.7 மி.மீ.தான். பெட்டியில் எந்த நாட்டு நம்பர் இருந்தாலும் மி.மீ. கையில் இருந்தால் ஏமாற மாட்டீர்கள்.

7. ஸ்கூல் ஷூ நம்பரையே ஸ்கேட்ஸுக்கும் சொல்லாதீர்கள். ஐஸ் ஹாக்கி ஸ்கேட்ஸ் பொதுவாக நடக்கிற ஷூவைவிட 1 முதல் 1½ நம்பர் சிறிசாக எடுக்க வேண்டியிருக்கும். ரோலர் ஸ்கேட்ஸில் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் அந்தக் கம்பெனியின் அளவு அட்டவணையைப் பார்ப்பதே உத்தமம்.

8. குளித்துவிட்டு வருகிற ஈரக்காலைச் சிமெண்டுத் தரையில் வைக்கச் சொல்லித் தடத்தைப் பாருங்கள். உள்பக்க வளைவு தெரியாமல் முழுப் பாதமும் பதிந்தால் அது தட்டைப் பாதம், வளைவைத் தாங்கும் இன்சோல் உதவலாம். சின்னப் பிள்ளைகளுக்கு இது சகஜம், வலி இருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

9. கடைக்குப் போவதற்கு முதல் நாள் கால் நகத்தை வெட்டிவிடுங்கள். நீண்ட நகம் முன்முனையில் இடித்தால் சரியான அளவுகூடச் சின்னதாகத் தோன்றும். ஆடும்போது இடித்துக்கொண்டே இருந்தால் நகம் கறுத்துப்போகும்.

10. காசை எடுக்கும் முன் ஸ்கேட்டிங் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முன்னால் இரண்டு பின்னால் இரண்டு சக்கரம் உள்ள குவாட் போட்டுப் பந்தை அடிப்பது ஒரு ஹாக்கி, 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸில் காட்சி ஆட்டமாக நடந்தது அதுதான். சக்கரங்கள் ஒரே வரிசையில் உள்ள இன்லைனில் ஆடுவது இன்னொன்று. மாற்றி வாங்கிவிட்டால் பொருத்தம் எவ்வளவு அழகாக இருந்தும் பிரயோஜனமில்லை.

கடையில் போட்டுப் பார்க்கும்போது

11. பிள்ளை கிளாஸுக்குப் போடப்போகிற அதே சாக்ஸைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் தரும் மெல்லிய சாக்ஸில் சரியாக இருப்பது, வீட்டுத் தடி சாக்ஸில் இறுக்கும். இரண்டு சாக்ஸ் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு லூசை அடைக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம், இரண்டும் உரசிக் கொப்புளம் போடும்.

12. காலை உள்ளே விட்டதும் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டச் சொல்லுங்கள். பாதம் பின்னால் போய் ஒட்டி உட்கார்ந்த பிறகுதான் லேஸ் கட்ட வேண்டும். தட்டாமல் கட்டினால் நல்ல அளவும் சின்னதாகத் தெரியும்.

13. நேராக நிற்கும்போது விரல் நுனி முன்னால் லேசாகத் தொட வேண்டும். முட்டியை மடக்கினால் பாதம் பின்னால் நகர்ந்து விரல் விலக வேண்டும். மடக்கியும் விரல் இடித்துக்கொண்டே இருந்தால் சின்னது, நிற்கும்போதே முன்னால் ஒரு விரல் இடம் இருந்தால் பெரிசு.

14. முட்டியை மடக்கிய நிலையில் பிள்ளையைக் குதிகாலைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். ஸ்கேட்ஸும் கூடவே எழும்ப வேண்டும். உள்ளே குதிகால் மட்டும் தனியாக எழும்பினால், கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்த ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

15. உள்ளிருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன் மேல் நிற்கச் சொல்லுங்கள். விரலோ பாதத்தின் ஓரமோ இன்சோலுக்கு வெளியே வழிந்தால் அந்த ஸ்கேட்ஸ் கடிக்கப்போகிறது. ஒரு நிமிஷத்தில் முடிகிற சோதனை இது.

16. லேஸைத் தளர்த்திவிட்டு, மேலிருந்து மூன்றாவது துளைக்குக் குறுக்கே ஒரு பென்சிலை வையுங்கள். பென்சில் இரண்டு ஓரத்திலும் படிந்து உட்கார்ந்தால் ஆழம் சரி. நடுவில் பாதம் தூக்கிக்கொண்டு பென்சில் ஆடினால் ஸ்கேட்ஸ் ஆழம் போதாது, பாதத்தின் மேல்பக்கம் நசுங்கும்.

17. பிள்ளைக்குப் பின்னால் குனிந்து கணுக்காலைப் பாருங்கள். கால் நேர்கோட்டில் நிற்க வேண்டும். இரண்டு கணுக்காலும் உள்பக்கமாகச் சாய்ந்தால் முதலில் லேஸை இறுக்கிப் பாருங்கள், அப்படியும் சாய்ந்தால் வேறு மாடல் கேளுங்கள்.

18. ஸ்கேட்ஸின் கணுக்கால் பகுதியை இரண்டு பக்கமும் கையால் அமுக்கிப் பாருங்கள். துணிப்பை போல மடங்கினால் அதில் தாங்கும் சக்தி இல்லை. பளபளப்பும் லைட் எரிகிற சக்கரமும் அப்புறம், முதலில் இந்த அமுக்கு.

19. போட்டுக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிஷம் கடையிலேயே நிற்க வையுங்கள். கழற்றியதும் பாதத்தில் சிவந்த தடங்களைப் பாருங்கள். சீக்கிரமே மறைகிற தடத்தை விட்டுவிடலாம், மறையாமல் வலிக்கிற தடம்தான் நாளைக்குக் கொப்புளம்.

20. "வளர்ற பிள்ளை, ரெண்டு நம்பர் பெரிசா எடுப்போம்" என்பது பாவாடை சட்டைக்குச் சரி, ஸ்கேட்ஸுக்குச் சரிவராது. பெரிய ஸ்கேட்ஸில் கால் வழுக்கும், கணுக்கால் மடங்கும், பிள்ளைக்குப் பயம் வந்துவிடும். வளர்ச்சிக்கு இடம் வேண்டுமென்றால், மூன்று நான்கு நம்பர் வரை நீட்டிக்கொள்ளும் அட்ஜஸ்டபிள் ஸ்கேட்ஸ் கிடைக்கிறது.

21. அட்ஜஸ்டபிள் வாங்கும்போது நீட்டும் பட்டனையோ திருகையோ கடையிலேயே இயக்கிப் பாருங்கள். வெளிக்கூடு நீளும்போது உள்மெத்தையும் கூடவே நீள வேண்டும். இரண்டு காலும் ஒரே கோட்டில் பூட்டியிருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

22. ஷூவோடு சேர்த்துக் கட்டுகிற இரும்புத் தட்டு ஸ்கேட்ஸ் விலை குறைவு, அண்ணன் தம்பி இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போடலாம். ஆனால் தாங்குவது முழுக்க உள்ளே இருக்கிற ஷூதான். அடிப்பாகம் கெட்டியான, லேஸ் வைத்த ஷூ போட்டுக் கட்டுங்கள், சாண்டல் வேண்டவே வேண்டாம்.

23. சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தாய்ஹேயில் நடந்த உலக ஸ்பீட் ஸ்கேட்டிங் போட்டியில் 1000 மீட்டர் தங்கம் வாங்கியதிலிருந்து, "அந்த மாதிரி ஷூ வேணும்" என்று கேட்கிற பிள்ளைகள் உண்டு. வேகப் பந்தய ஷூ கணுக்காலுக்கு இறக்கமாக இருக்கும், வருஷக்கணக்கில் பழகிப் பலமான கால்களுக்கு அது. பழகுகிறவர்களுக்கும் ஹாக்கிக்கும் கணுக்காலை மூடி நிற்கும் உயரமான ஸ்கேட்ஸ்தான் வாங்க வேண்டும்.

24. இன்லைன் ஹாக்கி ஸ்கேட்ஸ் பெரும்பாலும் பக்கிள் இல்லாமல் முழுக்க லேஸோடு வருவதைப் பார்த்து மலிவுச் சரக்கு என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஐஸ் ஹாக்கி ஆடிய ஆல்சன் சகோதரர்கள் 1980 வாக்கில் ஹாக்கி பூட்ஸுக்கு அடியிலேயே சக்கர வரிசையை மாட்டினார்கள், அந்த வடிவம்தான் இன்றும் தொடர்கிறது. லேஸில் இடத்துக்கு இடம் இறுக்கம் மாற்றிக்கொள்ளலாம், பக்கிளில் அது முடியாது.

25. பக்கத்துக் கடையில் ஒரே ஒரு அளவுதான் இருக்கிறது என்றால் அதற்காகச் சமாதானம் ஆகாதீர்கள். கடலூரிலிருந்து பாண்டிச்சேரி கூப்பிடு தூரம்தான், பிள்ளையையும் சாக்ஸையும் கூட்டிக்கொண்டு ஒரு நடை போய்வரலாம். தப்பான அளவை மாற்ற அலைகிற அலைச்சலோடு பார்த்தால் பஸ் காசு மிச்சம்.

26. ஆன்லைனில் வாங்கினால் பெட்டியையும் அட்டையையும் பத்திரமாக வையுங்கள், சக்கரத்தைத் தெருவில் உருட்டாதீர்கள். வீட்டுக்குள்ளேயே பாயில் நின்று இந்தச் சோதனைகளை எல்லாம் செய்துவிடுங்கள். கீறல் விழுந்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

27. பழைய ஸ்கேட்ஸ் வாங்குவது நல்ல சிக்கனம், ஸ்கேட்டிங் கிளாஸ் அம்மாக்களிடம் விசாரித்தாலே கிடைக்கும். ஆனால் உள்மெத்தை முன்பு போட்ட பிள்ளையின் காலுக்குப் படிந்திருக்கும். இன்சோலை மட்டும் புதுசாக மாற்றி, கணுக்கால் பகுதியில் வெடிப்பு இல்லையா என்று பார்த்து வாங்குங்கள்.

லேஸ் கட்டும்போது

28. எல்லா இடத்திலும் ஒரே இறுக்கம் வேண்டாம். விரல் பக்கம் லேசாக, பாதத்தின் நடுவில் கெட்டியாக, கணுக்கால் வளைவில் இன்னும் கெட்டியாக, மேல் துளையில் முட்டி மடங்குகிற அளவு தளர்வாக. இது கைக்கு வந்துவிட்டால் பாதி வலி போய்விடும்.

29. கடைசியில் இரண்டு நுனியையும் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தால் மேலே மட்டும்தான் இறுகும். கீழிருந்து ஒவ்வொரு குறுக்குக்கும் விரலை விட்டு இழுத்துக்கொண்டே மேலே வாருங்கள். முட்டியை மடக்கி உட்கார்ந்து கட்டினால் அளவு சரியாக வரும்.

30. கணுக்கால் வளைவில் லேஸ் நழுவுகிறதா? அந்த இடத்தில் ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று சுற்றி இழுங்கள். கீழே இறுக்கினது தளராமல் நிற்கும்.

31. எரிந்து மீந்த மெழுகுவர்த்தித் துண்டை லேஸில் மேலும் கீழும் நன்றாகத் தேயுங்கள். ஹாக்கிக்காரர்கள் காசு கொடுத்து மெழுகு லேஸ் வாங்குவது இந்தப் பிடிமானத்துக்காகத்தான். பவர் கட்டுக்கு வாங்கி வைத்த மெழுகுவர்த்தி இதற்கும் உதவும்.

32. லேஸ் நுனி பிரிந்துவிட்டால் தூக்கி எறியாதீர்கள். பிரிந்த நுனியை முறுக்கிப் பழைய நெயில் பாலிஷில் தோய்த்துக் காயவிடுங்கள். ஊசி மாதிரி கெட்டியாகித் துளையில் சுலபமாக நுழையும்.

33. லேஸ் மிச்சம் இருக்கிறது என்று கணுக்காலைச் சுற்றிக் கட்டும் பழக்கம் வேண்டாம். பின்பக்கத் தசைநாரையும் முன்பக்கத் தசைநாரையும் அழுத்தி வலி கொடுக்கும். அளவான லேஸாக மாற்றுங்கள், இல்லையென்றால் மிச்சத்தை உள்ளே செருகிவிடுங்கள்.

34. பாதம் மரத்துப்போகிறது, ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்றால் உடனே தளர்த்துங்கள். பாதத்தின் மேல் மேடு அதிகம் உள்ள பிள்ளைக்கு, அந்த மேட்டுக்கு நேர் வரும் ஒரு துளையை மட்டும் தாண்டிக் கட்டினால் அழுத்தம் குறையும்.

35. லேஸ், நடுப்பட்டை, மேல் பக்கிள் மூன்றும் உள்ள ஸ்கேட்ஸில் வரிசை முக்கியம். முதலில் லேஸ், அடுத்து குதிகாலைப் பின்னால் இழுக்கிற குறுக்குப் பட்டை, கடைசியில் மேல் பக்கிள். மேல் பக்கிளை முதலில் பூட்டினால் குதிகால் உட்காரவே உட்காராது.

36. முட்டிக் கவசத்தை முதலில் மாட்டிவிட்டு அப்புறம் ஸ்கேட்ஸைப் போடுங்கள். மாற்றிச் செய்தால் பிள்ளை சக்கரத்தின் மேல் நின்றுகொண்டு குனிய வேண்டியிருக்கும். லேஸ் தளர்வதும் விழுவதும் அப்போதுதான்.

புதுசைப் பழக்கும்போது

37. டிவி பார்க்கிற நேரத்தில் ஸ்கேட்ஸைப் போட்டுவிடுங்கள். தேங்காய் நார் மிதியடி மேலோ மடித்த ஜமுக்காளத்தின் மேலோ நின்றால் சக்கரம் ஓடாது, தரையும் கீறாது. அரை மணி நேரம் முட்டியை மடக்கி நிமிரச் சொன்னால் உள்மெத்தை காலுக்குப் படியத் தொடங்கும்.

38. முதல் வாரம் கிளாஸில் முழு நேரமும் புதுசிலேயே ஓட விடாதீர்கள். பாதி நேரம் பழசு, பாதி நேரம் புதுசு என்று பிரித்தால் கால் புண்ணாகாது. போட்டிக்கு முதல் நாள் புதுசு வாங்குகிற வேலையும் வேண்டாம்.

39. புதுச் செருப்புக்கு விளக்கெண்ணெய் தடவி ஊற வைக்கிற வைத்தியம் தோலுக்குத்தான் பலிக்கும். ஸ்கேட்ஸ் பெரும்பாலும் பிளாஸ்டிக்கும் நுரையும் பசையும் சேர்ந்தது. எண்ணெய் இறங்கினால் பசை விட்டுப்போகும், நாற்றமும் வரும்.

40. சில விலை உயர்ந்த ஸ்கேட்ஸை லேசாகச் சூடாக்கிக் காலில் மாட்டினால் காலின் வடிவத்துக்கே படிந்துவிடும். சூட்டில் படியும் மாடல் என்று கம்பெனி சொல்லியிருந்தால் மட்டும், சுமார் 80 டிகிரி சூட்டில் சில நிமிஷம், தெரிந்த கடையில் செய்து வாங்குங்கள். அடுப்பு, இட்லிப் பானை, தலைமுடி டிரையர் எல்லாம் வைத்து வீட்டில் முயன்றால் மொத்தக் காசும் போச்சு.

41. புது ஸ்கேட்ஸோடு முதல் ஓட்டத்துக்கு மழமழப்பான தரை தேடுங்கள். கரடுமுரடான ரோட்டின் அதிர்வு பாதத்தை மரக்க வைக்கும், குறை ஸ்கேட்ஸில் என்று தோன்றிவிடும். சிப்காட் லாரிகள் ஓடுகிற கடலூர் – சிதம்பரம் ரோட்டோரம் எந்த வயசுக்கும் வேண்டாம்.

42. நாக்கு என்று சொல்கிறோமே, லேஸுக்கு அடியில் வரும் அந்தப் பட்டை நடுவில் நிற்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். ஒருபக்கம் ஒதுங்கினால் லேஸ் நேராக எலும்பில் வெட்டும். முன்கணுக்காலில் வலி வந்தால் நாக்குக்கு அடியில் மெல்லிய ஸ்பாஞ்சுத் துண்டு வைத்துப் பாருங்கள்.

43. எந்த இடம் கடிக்கிறது என்று பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லையா? வலிக்கிற எலும்புக்கு நேராகச் சாக்ஸின் மேல் ஈரச் சாந்துப் பொட்டு ஒன்று வைத்துக் காலை உள்ளே விடச் சொல்லுங்கள். ஸ்கேட்ஸின் உள்ளே பொட்டு ஒட்டின இடத்தைக் காட்டினால், அந்த ஒரு இடத்தை மட்டும் தள்ளி அகலமாக்க முடியுமா என்று கடைக்காரரே பார்த்துச் சொல்வார்.

44. கணுக்கால் எலும்பு உரசினால் பழைய யோகா பாயில் ஒரு வட்டம் வெட்டி, நடுவில் எலும்பு அளவுக்குத் துளை போட்டு, எலும்பைச் சுற்றி ஒட்டுங்கள். எலும்பின் மேலேயே பஞ்சு வைத்தால் அழுத்தம் கூடும். சுற்றி வைத்தால்தான் எலும்புக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

45. தோல் சிவந்து சுடுகிற கட்டத்திலேயே மருந்துக்கடைப் பேப்பர் டேப் ஒட்டிவிடுங்கள், கொப்புளமே வராது. உரசுகிற இடத்தில் துளி வாஸ்லின் தடவினாலும் போதும். வந்துவிட்ட கொப்புளத்தை ஊசியால் குத்தாமல் மூடி வைத்து, ஆறும் வரை ஸ்கேட்ஸுக்கு லீவு விடுங்கள்.

உப்புக்காற்று, மழை, பிறகு வளர்ச்சி

46. கிளாஸ் முடிந்ததும் லேஸை முழுசாகத் தளர்த்தி, இன்சோலை வெளியே எடுத்து நிழலில் காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எழுதித் தீர்ந்த நோட்டுத் தாளைக் கசக்கி உள்ளே திணித்தால் ஈரத்தை இழுக்கும், வடிவமும் கெடாது. ஈரத்திலேயே கிடக்கும் நுரை நசுங்கிப்போய், சரியாக இருந்த ஸ்கேட்ஸ் லூசாகிவிடும்.

47. நாற்றத்துக்கு ஸ்பிரே வாங்க வேண்டாம். ஜோடி தொலைந்த சாக்ஸில் சமையல் சோடா நிரப்பி முடிச்சுப் போட்டு, ராத்திரி உள்ளே வைத்து எடுங்கள். புதுப் பை, தண்ணீர் பாட்டிலோடு வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் சேர்த்து வைத்தால் மழைக்காலத்துக்கு ஆகும்.

48. தேவனாம்பட்டினம் சில்வர் பீச் பக்கம் ஓட்டிவிட்டு வந்தால் அன்றைக்கே உலர்ந்த துணியால் துடையுங்கள். பெரும்பாலான சக்கரங்களில் இருப்பது 608 பேரிங், 22 மி.மீ. விட்டம்தான், அதற்குள் மணலும் உப்பும் புகுந்தால் ஒரு சக்கரம் திக்கி, கால் ஒருபக்கம் இழுக்கும். தேங்காய் எண்ணெய் விட்டால் தூசி அப்பிக்கொள்ளும், தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

49. நன்றாக இருந்த ஸ்கேட்ஸில் திடீரென்று கணுக்கால் சாய்ந்தால் சக்கரத்தைப் பாருங்கள், பெரும்பாலும் உள்ஓரம் தேய்ந்திருக்கும். இன்லைனில் சக்கரத்தைத் திருப்பிப் போட்டாலோ வலது இடது மாற்றினாலோ புதுச் சக்கரச் செலவு தள்ளிப்போகும். குவாட்டில் அடியில் உள்ள ரப்பரை இறுக்கும் நட்டையும் பாருங்கள். உடம்பு சாய்ந்தால் ஸ்கேட்ஸ் திரும்புகிற அந்த ஏற்பாட்டை 1863-ல் நியூயார்க்கில் ஜேம்ஸ் பிளிம்ப்டன் கொண்டுவந்தார், நட்டு ரொம்ப இறுகினால் எடை குறைந்த பிள்ளையால் திருப்பவே முடியாது.

50. முதலில் கால் அளவெடுத்த தாளில் தேதி எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே தாளில் காலை வைத்துப் பார்த்தால், ஸ்கேட்ஸை எப்போது நீட்ட வேண்டும், எப்போது கைமாற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும். கொடுக்கும்போது மி.மீ. அளவை ஒரு சீட்டில் எழுதி உள்ளே போட்டுக் கொடுங்கள், வாங்குகிற அம்மாவுக்குக் கடைக்கு அலைகிற வேலை மிச்சம்.